மின் வேன் நல்ல வேன்தான், டிப்போதான் தயாராக இல்லை

பினாங்குத் தீவில் தெருவிளக்கு, கால்வாய், சாலையோர மரங்கள் ஆகியவற்றைப் பராமரிக்கும் ஓர் அரசுத் துறையின் வாகன டிப்போவில் நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பதினோரு மாதங்களுக்கு முன்பு எங்கள் பழைய டீசல் வேன்களில் ஐந்தைக் கழித்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாக ஐந்து மின்சார வேன்களை இறக்கினார்கள். அதிலிருந்து மற்றத் துறைகளின் டிப்போக்களில் இருப்பவர்கள் தொலைபேசியில் அழைத்து, "வண்டி எப்படி?" என்று கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால், ஒருமுறை விளக்கமாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. வண்டியின் பெயரையும் விற்ற நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பாதிக்கு மேல் எங்கள் டிப்போவின் குறைகள். அவற்றுக்காக வண்டி செய்தவர் பெயர் கெடுவது நியாயமாகாது.

வண்டி எளிமையானது. முன்னால் இருவர் உட்காரலாம். பின்னால் மூடிய சரக்குப் பகுதி. தரைக்கு அடியில் 42 கிலோவாட் மணி கொள்ளும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஒருமுறை சார்ஜ் செய்தால் 300 கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது. ஏணி, கேபிள் சுருள், ஆரஞ்சு நிறக் கூம்புகள், கருவிப் பெட்டிகள், இரண்டு ஆட்கள், காலை முதல் மாலை வரை நிற்காத ஏர்கான் என்று நாங்கள் ஓட்டும்போது கிடைப்பது 190 முதல் 210 வரைதான். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டதே என்று முதல் வாரத்தில் டிப்போ முழுவதும் இதே பேச்சாக இருந்தது. ஆனால் இந்தத் தீவின் பரப்பே ஏறத்தாழ 293 சதுர கிலோமீட்டர்தான். ஜெலுத்தோங்கில் புறப்பட்டு, பாயான் லெப்பாஸ், பாலிக் புலாவ், தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி என்று தீவை முழுச் சுற்றாகச் சுற்றி வந்தாலும் அந்த அளவில் பாதியை எட்டுவது அரிது. எங்கள் வேன் ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக 60 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே, வாகனம் வாங்கும் கூட்டங்களில் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வியான ஓடும் தூரத்தைப் பற்றி, தீவில் வேலை செய்பவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. பாலத்தைக் கடந்து பிறை, ஜூரு, புக்கிட் மெர்தாஜாம் வரை போய்த் திரும்பும் நாள்களிலும் மாலையில் பாதி சார்ஜுக்கு மேல் மிச்சம் இருந்திருக்கிறது.

மலைச் சாலையில் எப்படி என்று பார்க்க முதல் மாதத்தில் நானே ஒருநாள் கூடப் போனேன். பாயா தெருபோங் பக்கத்திலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறி இறங்கும் துன் சார்டோன் சாலையைத் தெரிந்தவர்களுக்கு அதன் வளைவுகளைச் சொல்லத் தேவையில்லை. பின்னால் முழுச் சுமை. ஏற்றத்தில் பழைய டீசல் வேன் இரண்டாம் கியரில் முனகும் இடத்தில் இது சத்தமே இல்லாமல் ஏறியது. மேலே போய்ச் சேர்ந்தபோது பேட்டரியில் 6 விழுக்காடு குறைந்திருந்தது. இறக்கத்தில் ஓட்டுநர் வேக மிதியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த ஆற்றலை மின்சாரமாகப் பேட்டரிக்குத் திருப்பியது. அடிவாரத்துக்கு வந்தபோது 2 விழுக்காடு கூடியிருந்தது. ஓட்டுநர் இத்துறையில் முப்பது ஆண்டு பணியாற்றியவர், என்னைவிட மூத்தவர். திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, "எண்ணெய் வண்டியில இந்த இறக்கத்துல பிரேக்கு கருகுற நாத்தம்தான் வரும் தம்பி, இது என்னமோ பாக்கிச் சில்லறை குடுக்குதே," என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு டிப்போவில் எனக்கு வேலை எளிதாகிவிட்டது. ஏனென்றால் புதிய வண்டியைப் பற்றி மற்ற ஓட்டுநர்கள் என்னிடம் கேட்பதில்லை, அவரிடம்தான் கேட்பார்கள்.

ஜார்ஜ்டவுனின் உள்தெருக்களில் இந்த வேனின் அருமை இன்னும் நன்றாகத் தெரிகிறது. லிட்டில் இந்தியாவில் காலை ஏழு மணிக்கு விளக்குக் கம்பத்தில் வேலை இருந்தால், ஒருபுறம் பூக்கடை, மறுபுறம் பலகாரக் கடை, நடுவில் எங்கள் வண்டி என்று நிற்க வேண்டியிருக்கும். பழைய வேன் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு ஐந்தடி நடைபாதைக்குள் புகையை விட்டபோது, கடைக்காரர்கள் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. இப்போது ஏர்கான் ஓடிக்கொண்டே இருந்தாலும் புகையும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஆனால் இந்த அமைதிக்கும் ஒரு விலை உண்டு. குறைந்த வேகத்தில் வண்டி எழுப்பும் செயற்கை ஒலி, பாட்டும் மணியும் கேட்டுக்கொண்டிருக்கும் தெருவில் யாருக்கும் கேட்பதில்லை. பூக்கூடையோடு குறுக்கே வந்த ஓர் அம்மாவை மயிரிழையில் தவிர்த்த பிறகு, அந்தத் தெருக்களில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது உதவியாளர் கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பதை விதியாக்கிவிட்டோம்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் வண்டிக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். வண்டியை வரவேற்க நாங்கள் செய்த ஏற்பாட்டுக்கு இரண்டு கொடுத்தால் அது தாராளம்.

ஐந்து வேன்களும் வந்த மூன்றாம் நாள் காலை ஆறேகாலுக்கு எனக்கு அழைப்பு வந்தது. "அஞ்சு வண்டியும் பசியோட நிக்குதுங்க," என்றார் காலை முறைக்கு வந்த இளைஞர். போய்ப் பார்த்தால், முந்தைய மாலை ஐந்தரைக்குச் செருகிய வண்டிகளில் இரண்டு 40 விழுக்காட்டிலும், மற்றவை அதற்கும் கீழேயும் நின்றன, ஒன்றில் 22. நடந்தது இதுதான். எங்கள் டிப்போவுக்கு வரும் மும்முனை இணைப்பின் வரம்பு ஒரு முனைக்கு 60 ஆம்பியர். ஒப்பந்தக்காரர் பொருத்திய ஐந்து சார்ஜர்களும் ஒருமுனைச் சார்ஜர்கள், ஒவ்வொன்றும் 7 கிலோவாட், அதாவது 32 ஆம்பியர் இழுப்பவை. ஐந்தை மூன்று முனைகளில் பிரித்தால் இரண்டு முனைகளில் இரண்டிரண்டு விழும்; இரண்டு சார்ஜர் என்றால் 64 ஆம்பியர். வரம்பை நான்கு ஆம்பியர் தாண்டினால், மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரதான விசை (மெயின் பிரேக்கர்) உடனே விழாது, சூடேறிக்கொண்டு சற்று நேரம் பொறுக்கும். மாலை ஆறு மணிக்கு வண்டி கழுவும் பம்பையும் காற்றழுத்தியையும் போட்டதும் விழுந்துவிட்டது. இரவுக் காவலர் விசையைத் தூக்கிவிட்டார், விளக்கு எரிந்தது, அவர் பொறுப்பு முடிந்தது. ஆனால் அந்தச் சார்ஜர்கள் மின்சாரம் திரும்பியதும் தாமாக வேலையைத் தொடங்குபவை இல்லை. சார்ஜரைத் தொடங்கிவைக்கும் அட்டையை மறுபடியும் காட்ட வேண்டும். அட்டை என் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது.

இணைப்பின் திறனைக் கூட்டினால்தான் தீரும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். அதற்கு விண்ணப்பம், புதிய கேபிள், புதிய பலகை, பிறகு நிதி ஒதுக்கீடு என்று ஓராண்டு ஓடிவிடும். எங்கள் ஒயர்மேன் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இரவில் திரும்ப ஏற்ற வேண்டியது 13 அல்லது 14 யூனிட். சார்ஜரை 16 ஆம்பியருக்குக் குறைத்து வைத்தால் மணிக்கு மூன்றரை யூனிட் ஏறும். நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். வண்டியோ பன்னிரண்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. சார்ஜருக்குள் இருந்த ஒரு சிறிய தெரிவை மாற்றினார், அவ்வளவுதான். ஒரு முனைக்கு 32 ஆம்பியரோடு நின்றது. அன்றிலிருந்து பிரதான விசை விழவில்லை. வேகமான சார்ஜர் என்று அதிக விலை கொடுத்து வாங்கியதை அரை வேகத்தில்தான் ஓட்டுகிறோம். வாங்கும் முன்பே யாராவது பதிவேட்டில் தினசரி ஓட்டத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அதே ஒயர்மேன் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்க டிப்போவில் இருந்த கசிவுத் தடுப்பு விசைகள் பழைய வகை; மாறுமின்னோட்டக் கசிவை மட்டுமே அறிபவை. மின் வாகனத்தில் நேர்மின்னோட்டமும் கசிய வாய்ப்பு உண்டு; அது கசிந்தால் இந்தப் பழைய விசைகள் மரத்துப்போய், உண்மையான ஆபத்து வரும்போது துண்டிக்காமல் விட்டுவிடக்கூடும். இதற்கென்றே பி வகை விசை இருக்கிறது. அல்லது ஏ வகை விசையோடு, 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் அமைப்பு சார்ஜருக்குள்ளேயே இருக்க வேண்டும். எங்கள் சார்ஜர்களில் அது இருந்ததா என்று தெரிந்துகொள்ள, கையேட்டின் கடைசிப் பக்கம் வரை தேட வேண்டியிருந்தது. இருந்தது. இல்லாமலும் போயிருக்கலாம், டெண்டரில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேபிள் கதை சிரிப்புக்குரியது. சார்ஜ் துளை வண்டியின் முன்பக்கத்தில் இருக்கிறது; சார்ஜர் சுவரில் இருக்கிறது; கேபிளின் நீளம் 5 மீட்டர். பாதுகாப்பு விதிப்படி எங்கள் டிப்போவில் எல்லா வண்டிகளையும் பின்பக்கமாகத்தான் நிறுத்த வேண்டும், அவசரத்தில் நேராக வெளியே போக வசதியாக. பின்பக்கமாக நிறுத்தினால் கேபிள் எட்டாது. முன்பக்கமாக நிறுத்தினால் விதிமீறல். பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதி, ஐந்து நிறுத்துமிடங்களுக்கு மட்டும் விலக்கு வாங்க ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை மூத்த ஓட்டுநர் ஒருவர், பின்பக்கமாக நிறுத்திய வண்டிக்குப் பக்கவாட்டிலிருந்து கேபிளை இழுத்துத் தொட்டில் கயிறுபோல் கட்டிவைத்திருந்தார். அவரே ஒவ்வொரு மாலையும் துளையின் மூடியைத் திறக்கும் முன் தம் கைக்குட்டையால் மழைத்தண்ணீரை ஒற்றி எடுப்பார். சார்ஜ் துப்பாக்கி நீருக்குத் தாக்குப்பிடிக்கும் என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "மின்சாரமும் தண்ணியும் மாமியார் மருமக மாதிரிங்க," என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைத் தொடர்வார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் வண்டி தள்ளியவர்கள் எங்கள் டிப்போவில் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வேனின் பேட்டரிப் பெட்டி ஐபி 67 தரத்தது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அந்தத் தரத்தின் பொருள். அது அசையாத நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை. சாக்கடையும் கடல்நீரும் கலந்து ஓடும் தெருவில் வண்டியை விட அது அனுமதிச் சீட்டாகாது. அரைச் சக்கரத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் போக வேண்டாம் என்பதை டீசல் வேன்களுக்குச் சொன்னதுபோலவே இவற்றுக்கும் சொல்லியிருக்கிறோம்.

பணக் கணக்குக்கு வருகிறேன். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் மானியம் சீரமைக்கப்பட்டபோது, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ரிங்கிட்டுக்குப் போனது. பிறகு அது ஏறி இறங்கியிருக்கிறது. 3 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடித்த எங்கள் பழைய வேனுக்கு 30 ரிங்கிட் ஆகும். மின் வேன் அதே தூரத்துக்குச் சுவரிலிருந்து எடுப்பது ஏறத்தாழ 22 யூனிட். யூனிட்டுக்கு 50 சென் என்று தாராளமாகவே வைத்தாலும் 11 ரிங்கிட். நூறு கிலோமீட்டருக்கு 19 ரிங்கிட் மிச்சம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளுக்கு 60 கிலோமீட்டர், ஆண்டுக்கு 280 நாள் என்றால் ஒரு வேன் 16,800 கிலோமீட்டர் ஓடும். ஆண்டு மிச்சம் 3,200 ரிங்கிட்டுக்குச் சற்று குறைவு. வாங்கிய விலையில் மின் வேனுக்கும் டீசல் வேனுக்கும் உள்ள வித்தியாசம் 30,000 ரிங்கிட் என்று வைத்தால், எண்ணெய் மிச்சத்தை மட்டும் நம்பி அதை மீட்க ஒன்பது ஆண்டுக்கு மேல் ஆகும். குறைந்த தூரம் ஓடுவதால்தான் இந்த வேன் எங்களுக்கு வசதியாகப் பொருந்துகிறது. அதே காரணத்தால்தான் அது தன் விலையைச் சம்பாதிக்கத் திணறுகிறது. முதலில் மாற்ற வேண்டியது மிக அதிகமாக ஓடும் வண்டியை. எங்கள் துறையில் மிகப் பழைய வண்டியை மாற்றினார்கள். பழைய வண்டி பழையதாக இருப்பதே பெரும்பாலும் குறைவாக ஓடியதால்தான்.

மின்சாரத்தை எப்போது எடுக்கிறோம் என்பதும் கணக்கில் சேரும். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் நடப்பில் உள்ள கட்டண முறையில், நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரத்துக்கும் சனி, ஞாயிறுக்கும் கட்டணம் குறைவு. மாலை ஐந்தரைக்கு வண்டி வந்ததும் செருகி உடனே சார்ஜ் ஏற்றினால், மிக விலையுயர்ந்த நேரத்தில் ஏற்றுகிறோம் என்று பொருள். இப்போது செருகுவது ஐந்தரைக்குத்தான். சார்ஜர் தானாக விழிப்பது இரவு பத்துக்கு.

வேறொரு சங்கடத்தை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். அரசு வாகனத்துக்கு எண்ணெய் போட கார்டு இருக்கிறது, போட்டதை எழுதப் பதிவேடு இருக்கிறது, அந்தச் செலவுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது. மின்சாரம் அப்படியில்லை; அது கட்டடத்தின் மின்கட்டணத்தில் போய் விழுகிறது. நான்காம் மாதம் எங்கள் அலுவலக நிர்வாகி என்னை அழைத்து, மின்கட்டணம் இப்படி ஏறியிருக்கிறதே, ஏர்கானை இரவு முழுவதும் போட்டுவிட்டுப் போகிறீர்களா என்று கேட்டார். அதே கூட்டத்தில் எண்ணெய்ச் செலவு குறைந்ததற்காக இன்னொரு பிரிவுக்குப் பாராட்டு கிடைத்தது. சார்ஜர்களுக்கென்று தனி மீட்டர் ஒன்றைப் பலகையில் பொருத்திய பிறகுதான் அவரிடம் என்னால் எண்ணைக் காட்ட முடிந்தது. பல ஆயிரம் ரிங்கிட் வண்டி வாங்குபவர்கள் இந்தச் சின்ன மீட்டரை மறக்கக் கூடாது. வண்டிகள் எவ்வளவு மின்சாரம் குடித்தன என்று தெரியாவிட்டால், அடுத்த ஆண்டு ஒதுக்கீடு கேட்கக் கையில் ஆதாரம் இருக்காது.

வெளியே பொதுச் சார்ஜர்களை நம்புவது இன்னும் கடினம். அவற்றில் பெரும்பாலானவை கைப்பேசிச் செயலி வழியாகப் பணம் கேட்கின்றன. வேகச் சார்ஜர் என்றால் யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல். எங்கள் எண்ணெய் கார்டு அங்கே செல்லாது. செபராங் பிறையில் ஒருநாள் எங்கள் ஓட்டுநர் ஒருவர் தம் சொந்தக் கைப்பேசியில் 18 ரிங்கிட் செலுத்தி வண்டியைக் கொண்டுவந்தார். அந்தத் தொகையை அவருக்குத் திருப்பித் தர எந்தப் படிவம் என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதமாயிற்று. மலேசியா 2025-க்குள் 10,000 பொதுச் சார்ஜ் முனைகள் என்று இலக்கு வைத்தது. எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும், அரசு ஓட்டுநர் கையில் பணம் செலுத்த வழியில்லையென்றால் அவை எங்களுக்கு இல்லாததற்குச் சமம்.

பழுது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எஞ்சின் எண்ணெய் இல்லை, பெல்ட் இல்லை, பிரேக் பட்டைகள் பதினோரு மாதத்தில் தேய்ந்ததாகவே தெரியவில்லை. டயர் மட்டும் பழைய வேனைவிடச் சீக்கிரம் தேய்கிறது. பேட்டரியின் கனமும், மிதித்ததும் துள்ளும் இழுவிசையும் காரணம். ஒரே ஒரு முறை மூன்றாம் எண் வேன் அசையவில்லை. நீண்ட பண்டிகை விடுமுறைக்குப் பிறகு வந்து பார்த்தால் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் 80 விழுக்காடு இருக்கிறது; ஆனால் வண்டியை எழுப்ப வேண்டிய சாதாரண 12 வோல்ட் பேட்டரி இறந்துபோயிருந்தது. விற்ற நிறுவனத்துக்கு அழைத்தால் தொழில்நுட்பர் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், மூன்று நாள் ஆகும் என்றார்கள். எங்கள் மெக்கானிக் சாவியால் கதவைத் திறந்து, பக்கத்தில் நின்ற டீசல் வேனிலிருந்து கம்பி இழுத்து ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிட்டார். வடக்கே பணிமனை இல்லாத நிறுவனத்திடமிருந்து வாங்குகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது என்பது ஆறுதல்தான். அதற்குப் பிறகு இந்த வண்டி ஏலத்துக்குப் போகும்போது எடுக்க ஆள் வருவாரா என்பதை இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

மாற்ற முடியாத வண்டிகளும் இருக்கின்றன. பினாங்கு மலைக்கு ஜீப் பாதையில் ஏறும் நான்குசக்கர இழுவை வண்டிகளுக்கு மாற்று இன்னும் எங்கள் கையில் வரவில்லை. என்னை அதிகம் உறுத்துவது விளக்குக் கம்பங்களுக்கு ஆளை உயர்த்தும் கூடை லாரி. அது ஓடுவதைவிட நிற்பதே அதிகம். நின்றபடி எஞ்சினை ஓட்டித்தான் ஹைட்ராலிக் பம்பை இயக்குகிறது. ஒரு தெருவில் எட்டு விளக்கு மாற்ற மூன்று மணி நேரம் என்றால், மூன்று மணி நேரமும் டீசல் எரிகிறது, மேலே கூடையில் நிற்பவர் அதே புகையைச் சுவாசிக்கிறார், இரவு வேலை என்றால் தெருவே விழித்துக்கொள்கிறது. அந்தப் பம்பை மட்டும் பேட்டரியில் இயக்கினாலே பயன் ஐந்து வேன்களைவிட அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் கூட்டத்தில் புகைப்படம் எடுக்க அழகான வேன்தான் வசதி.

சுற்றுச்சூழலைப் பற்றி ஓரிரு வார்த்தை. தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும் பிறக்கிறது. எனவே எங்கள் வேன் புகையே இல்லாதது என்று சொன்னால் அது பாதி உண்மை. புகை ஜார்ஜ்டவுன் தெருவிலிருந்து வேறிடத்துக்குப் போயிருக்கிறது, அளவிலும் குறைந்திருக்கிறது. அந்தத் தெருவில் வாழ்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

போகும் தடம் முன்கூட்டியே தெரிந்து, இரவில் டிப்போவுக்குத் திரும்பும் வண்டிக்குத்தான் மின்சாரம் பொருந்தும் என்பதையே மற்றவர்களின் அனுபவமும் காட்டுகிறது. கோலாலம்பூருக்கு அருகே சன்வேயில் 2015-இல் ஓடத் தொடங்கிய 5.4 கிலோமீட்டர் விரைவுப் பேருந்துத் தடம் முழுவதும் மின் பேருந்துகளோடு வந்தது. தடம் மாறாது, பேருந்துகள் இரவில் சொந்த டிப்போவுக்கே திரும்பும். போஸ் மலேசியாவின் மின் வேன்களும் மின் மோட்டார் சைக்கிள்களும் தினமும் அதே அஞ்சல் வட்டாரத்தைத்தான் சுற்றுகின்றன. இந்தியாவில் 2017-இல் அரசு அலுவலகங்களுக்கென்று 10,000 மின் கார்களுக்கு டெண்டர் விட்டார்கள்; பின்னர் வந்த கார்களில் ஒருமுறை சார்ஜில் ஓடும் தூரம் போதவில்லை என்று அதிகாரிகள் குறைப்பட்டுக்கொண்டதாகச் செய்தி வந்தது. அதிகாரியின் கார் நாளைக்கு எங்கே போகும் என்று அதிகாரிக்கே தெரியாது. கால்வாய் தூர்வாரும் வேன் எங்கே போகும் என்பது முந்தைய வாரமே பலகையில் எழுதியிருக்கும். மின் வாகனத்துக்கு மாறுவதை அதிகாரியின் காரிலிருந்து தொடங்கினால், வண்டிமேல் தவறான பழி விழும்.

அடுத்த ஆண்டு இன்னும் நான்கு வேன்கள் வாங்குவதற்கான குறிப்புகளை என்னைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இம்முறை வண்டியைப் பற்றி அரைப் பக்கமும், டிப்போவைப் பற்றி நான்கு பக்கமும் எழுதியிருக்கிறேன்: ஒரு முனைக்கு எவ்வளவு ஆம்பியர் மிச்சம் இருக்கிறது, மின்சாரம் போய் வந்தால் சார்ஜர் தானாகத் தொடங்க வேண்டும், தனி மீட்டர், நீளமான கேபிள், பி வகை விசை, வடக்கு வட்டாரத்தில் பணிமனை, வெளியே பணம் செலுத்தத் துறையின் பெயரில் ஒரு கணக்கு. மேலதிகாரி படித்துவிட்டு, வேன் வாங்கக் கேட்டால் கட்டடம் கட்டக் கேட்கிறீர்களே என்றார். கேபிளை மட்டும் உடனே அனுமதித்தார். போன திங்கட்கிழமை 7 மீட்டர் கேபிள்கள் ஐந்தும் வந்து சேர்ந்தன. மூத்த ஓட்டுநர் அன்று மாலையே தம் வேனைப் பழைய வழக்கப்படி பின்பக்கமாக நிறுத்தி, கைக்குட்டையால் துளையைத் துடைத்து, கேபிளைச் செருகிப் பார்த்தார். எட்டியது.